அடிப்படை அம்சம் குறித்து உதிரிபாகங்களின் பணிவான மனு

அனுப்புநர்:
பதிவுச் சான்றிதழில் இடம்பெறாத உதிரிபாகங்கள்,
பழைய ஜீப் ஒன்றின் அடிப்பகுதி
(முன்னாள் முகவரி: புதுப்பேட்டை, சென்னை).

பெறுநர்:
மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
புதுதில்லி.

பொருள்: பழைய ஜீப்பில் பழைய பாகங்களைப் பொருத்துதல் – மனுதாரர்களின் சட்டநிலை அறிய வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52, அப்பிரிவின் விளக்கம், அவ்விளக்கத்துக்கு இதுவரை கிடைக்காத விளக்கம்.

மேன்மை தங்கிய அமைச்சகத்துக்கு,

மேற்படிச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் எந்த உரிமையாளரும் தம் வாகனத்தை மாற்றலாகாது என்று விதிக்கிறது. வாகனத்தின் அடிப்படை அம்சம் மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யப்படுவதே மாற்றம் என்று அப்பிரிவு விளக்கமும் தருகிறது; அடிப்படை அம்சம் எது என்பதை மட்டும் அது சொல்லாமல் விட்டிருக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 சனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாநில விதிகள் இப்பிரிவுக்குக் கட்டுப்பட்டவையே என்றும், தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாக வாகனத்தை மாற்ற இயலாது என்றும் உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் சேர்த்த 182அ பிரிவோ, அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வகுத்தது. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொகை என்பதால், மனுதாரர்கள் ஒவ்வொருவரும் தம் தலைக்கு அரசு விலை நிர்ணயித்திருப்பதை அறிந்து பெருமிதம் கொள்கின்றனர். அவர்களுள் பலருக்குப் புதுப்பேட்டை உதிரிபாகச் சந்தையில் இவ்வளவு விலை கிடைத்ததில்லை.

மனுதாரர்கள் யாவர் என்பதைத் தெரிவிப்பது முறை. முதலாமவர் போலெரோ வண்டியிலிருந்து கழற்றப்பட்ட பவர் ஸ்டியரிங் பெட்டி. எஞ்சின் சுழற்றும் பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்ப, அந்த அழுத்தத்தின் துணையால் முன்சக்கரங்களை எளிதாகத் திருப்புவது அவர் பணி. இரண்டாமவர் இரட்டை அறை கொண்ட பிரேக் மாஸ்டர் சிலிண்டர். மூன்றாமவர் முன்சக்கரங்களுக்கான டிஸ்க் பிரேக். இவர்களோடு கிரவுன்-பினியன் இணைகள் இரண்டும், டைனமோவின் இடத்துக்கு வந்த ஆல்டர்னேட்டர் ஒன்றும் கையெழுத்திட்டுள்ளனர். அனைவரும் முன்பு வேறு வண்டிகளில் முறைப்படி பணியாற்றியவர்கள். அவ்வண்டிகள் விபத்தாலோ முதுமையாலோ கழிக்கப்பட்ட பின்னர், எழும்பூரை அடுத்த அந்தப் புதுப்பேட்டையின் கூவக்கரைத் தெருக்களில் எண்ணெய்ப் பிசுக்கோடு அடுக்கப்பட்டு மறுபணி நியமனத்துக்குக் காத்திருந்தவர்கள். தில்லியின் மாயாபுரியிலும் இவர்களுக்கு உறவினர் உண்டு. அரியானாவின் மண்டி டப்வாலியில் இவர்களைக் கொண்டு முழு ஜீப்பையே கட்டியெழுப்பும் பட்டறைகள் பெயர்பெற்றவை. மனுதாரர்களுள் எவரும் தயாரிப்பாளரின் தரச் சோதனையில் தோற்றவர் அல்லர். வேறு வண்டிக்காகத் தேறினர் என்பதே அவர்கள்மீதான குற்றச்சாட்டு. (அவர்களுள் சிலரது பூர்வீகம் குறித்துக் காவல்துறைக்கு ஐயம் எழுவதை மனு மறுக்கவில்லை. கழிக்கப்பட்ட வண்டியின் பாகத்தையும் களவுபோன வண்டியின் பாகத்தையும் பிரித்துக்காட்டும் ரசீது காயலான் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அத்தகைய ரசீதைக் கட்டாயமாக்குவதை நேர்மையான மனுதாரர்கள் வரவேற்கவே செய்வர்.)

தயாரிப்பாளர் முதலில் குறித்த வடிவம் என்னும் கருத்தின் புனிதத்தை மனுதாரர்கள் மதிக்கின்றனர். ஆனால் ஜீப்பைப் பொறுத்தவரை அந்த முதல் வடிவத்தைத் தேடிச் செல்லும்போது அவர்களுக்குச் சற்றே குழப்பம் ஏற்படுகிறது. 1940-இல் அமெரிக்க ராணுவம் 49 நாளில் ஒரு முன்மாதிரி வண்டி வேண்டும் என்றபோது, பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் இருந்த பாண்டம் என்ற நலிந்த நிறுவனம், ஸ்டூடிபேக்கர் சாம்பியன் காரின் அச்சுகளை ஸ்பைசர் நிறுவனத்தின் மூலம் மாற்றியமைத்து, கான்டினென்டல் நிறுவனத்தின் எஞ்சினைப் பொருத்தி, அவ்வாண்டு செப்டம்பர் 23 அன்று வண்டியை ஒப்படைத்தது. அந்த வடிவத்தை ராணுவம் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்களுக்குக் காட்ட, வில்லிஸ் தன் எஞ்சினையும் ஃபோர்டு தகட்டில் அழுத்தி உருவாக்கிய முகப்பையும் சேர்த்தன. ஆகவே உலகின் முதல் ஜீப்பே கைக்குக் கிடைத்த பிற வண்டிகளின் பாகங்களால் குறைந்த காலத்தில், குறைந்த செலவில் கட்டப்பட்ட ஒன்று. 52-ஆம் பிரிவு அன்று பட்லர் நகரில் நடைமுறையில் இருந்திருப்பின், இரண்டாம் உலகப்போரின் போக்கு எவ்வாறு இருந்திருக்கும் என்பதை வரலாற்றாசிரியர்கள் ஆராயலாம்.

இந்தியாவிலும் கதை வேறன்று. 1940-களின் பிற்பகுதியில் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைக் கப்பலில் தருவித்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம், பெட்ரோல் விலை ஏறியபோது டிராக்டர் வழிவந்த டீசல் எஞ்சினையும், பின்னர் பிரான்சின் பெஜோ நிறுவன டீசல் எஞ்சினையும் அதே உடலில் வைத்தது. அந்நிறுவனம் அமெரிக்காவில் விற்ற ராக்ஸர் வண்டி ஜீப்பைப் போலவே தோன்றுகிறது என்ற வழக்கு எழ, 2020-இல் அதன் முகப்பையே மாற்றியமைத்தது. தயாரிப்பாளர் எஞ்சினை மாற்றினால் அது புதிய மாடல் என்று விளம்பரமாகிறது. அதே எஞ்சினை அதே வண்டியில் போடிநாயக்கனூர்ப் பட்டறைக்காரர் ஒருவர் மாற்றினால் அது குற்றமாகிறது. ஒருவர் தாம் மாற்றியதைச் சோதித்துக் காட்டிச் சான்று பெறுகிறார், மற்றவர் பெறுவதில்லை என்பதே வேறுபாடு என்று அமைச்சகம் கூறலாம். மிகச் சரியான விடை அது. பட்டறைக்காரர் சோதித்துக் காட்ட விரும்பினால் எந்த வாசலுக்குச் செல்ல வேண்டும் என்பதே மனுவின் சாரம்.

பழைய ஜீப்பில் மனுதாரர்கள் ஆற்றும் பணியை இங்குச் சற்று விரிவாகக் கூற வேண்டியிருக்கிறது. முற்கால ஜீப்பின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே இருந்தது. சக்கரத்தோடு சுழலும் உருளையின் உட்புறத்தில் வளைந்த கட்டைகள் விரிந்து அழுத்துவதால் வண்டி நிற்கும் முறை இது; ஓடையைக் கடந்து நனைந்தபின் வண்டி நிற்பதற்குச் சற்று அவகாசம் கேட்கும். மிதியை அழுத்தும்போது எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறைதான் இருந்தது என்பதால், நான்கில் ஒரு சக்கரத்துக்குச் செல்லும் குழாய் வெடித்தாலும் நான்கு சக்கரங்களும் பிரேக் இழக்கும். இரட்டை அறை கொண்ட இரண்டாம் மனுதாரர் வந்தபின், ஒரு வழி பழுதானாலும் மறுவழி வண்டியை நிறுத்தும். ராஸ் வகை ஸ்டியரிங் பெட்டி தேய்ந்த ஜீப்பில், ஓட்டுநர் வளையத்தைக் கையளவு திருப்பிய பிறகே செய்தி முன்சக்கரங்களைச் சென்றடையும். மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவில் அந்தத் தாமதம் பள்ளத்தின் பக்கமாகவே கழியும்.

கிரவுன்-பினியன் என்பது அச்சின் நடுவில் உள்ள பல்சக்கர இணை. நீளவாக்கில் வரும் சுழற்சியைச் சக்கரங்களின் பக்கம் திருப்பி, வேகத்தைக் குறைத்து, இழுவிசையைக் கூட்டுவது. பழைய வில்லிஸ் வழி ஜீப்பில் இதன் விகிதம் 5.38, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற, முன்னிருந்து வரும் தண்டு ஐந்து முறைக்கு மேல் சுற்ற வேண்டும். குறைந்த சுழற்சியிலேயே உச்சத்தை எட்டிவிடும் டீசல் எஞ்சினை இதனோடு இணைத்தால் வண்டி மலையேறும், சமவெளியில் மாட்டுவண்டிக்குப் போட்டியாகும். எனவே சிறிய விகிதமுள்ள இணை தேடப்படுகிறது. இங்குதான் கைச்செலவைக் குறைக்க நினைப்பவர் தவறுவார்: பின் அச்சுக்கு மட்டும் ஓர் இணை மலிவாகக் கிடைத்தது என்று மாற்றிவிட்டு முன் அச்சை அப்படியே விட்டால், முன்னும் பின்னும் விசையைப் பகிர்ந்தளிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டியில் அவ்விரண்டு வேகங்களையும் சமன்செய்யும் ஏற்பாடு ஏதும் இல்லாததால், நான்கு சக்கர இயக்கத்தில் போட்டவுடன் இரு அச்சுகளும் ஒன்றையொன்று இழுத்துச் சண்டையிட்டு, பல்சக்கரம் நொறுங்கும். இணைகள் இருவரும் சேர்ந்தே இம்மனுவில் கையெழுத்திட்டிருப்பதன் காரணம் இதுவே.

இத்தகைய அறிவு எந்தப் படிவத்திலும் கேட்கப்படுவதில்லை. பதினைந்து ஆண்டு நிறைந்த சொந்த வண்டியின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. புதுப்பிப்புக்கான ஆய்வு நாளில் சேசிஸ் எண்ணின்மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுக்கும் சடங்கு பக்தியோடு நடைபெறும். அதற்கு முந்தைய இரவு பட்டறைகளில் நடப்பதை அமைச்சகம் அறியாதிருக்கலாம்: மனுதாரர்கள் கழற்றப்பட்டு மூலையில் அடுக்கப்பட, அவர்கள் இடத்தில் தேய்ந்த பழைய ஸ்டியரிங் பெட்டியும், ஒற்றை அறைச் சிலிண்டரும், சில வேளைகளில் இரவல் டயர்களும் மாட்டப்படுகின்றன. ஆய்வு முடிந்து திரும்பிய மாலையிலேயே எல்லாம் பழையபடி மாற்றப்பட்டுவிடும். ஆக, அந்த ஜீப் தன் வாழ்நாளில் மிக ஆபத்தாக ஓடும் நாளும், முழுமையாகச் சட்டத்துக்கு உட்பட்டு ஓடும் நாளும் ஒன்றே.

பழம்பெருமைக்கும் அமைச்சகம் வழிவகை செய்திருப்பதை மனுதாரர்கள் நன்றியுடன் குறிப்பிடுகின்றனர். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐம்பது ஆண்டைக் கடந்த வாகனம் 20,000 ரூபாய் கட்டணத்தில் பாரம்பரிய வாகனமாகப் பதிவு பெறலாம். ஆனால் அதன் சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் கணிசமான மாற்றம் இருக்கலாகாது, அன்றாடம் சாலையில் ஓட்டவும் கூடாது. பின்னாளில் அனுமதியின்றி டீசலுக்கு மாறிய 1968-ஆம் ஆண்டு ஜீப் இதன்படி பாரம்பரியமாகாது. 52-ஆம் பிரிவின்படி சாதாரண வண்டியுமாகாது. எனினும் அதே ஜீப்பின் எஞ்சினை முழுதுமாகத் தூக்கியெறிந்துவிட்டு, அங்கீகாரம் பெற்ற கருவித்தொகுதி கொண்டு மின்கலத்தாலோ எரிவாயுவாலோ, சட்டத்தின் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டால் சூரிய ஒளியாலோ ஓட்டலாம். அதாவது எஞ்சின் அடிப்படை அம்சம் அன்று. எஞ்சினுக்குப் பதில் வேறு வகை எஞ்சின் என்றால் மட்டுமே அது அடிப்படை அம்சமாகிறது.

இவையெல்லாம் பொழுதுபோக்காளர்களின் கவலை என்று ஒதுக்குவதற்கும் இல்லை. தேனி மாவட்டத்தின் போடி, கம்பம், தேவாரம் பகுதிகளிலிருந்து நாள்தோறும் விடியுமுன் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மலைக்குச் செல்பவை பழைய ஜீப்களே. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டில் 2,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருப்பினும், அதற்குச் செல்லும் ஜீப் பாதை கேரளத்தின் சூரியநெல்லியில் தொடங்குகிறது. அந்தக் கற்பாதையில் ஏறும் வண்டிக்குத் தேவையானது எது என்பதை அங்குள்ள ஓட்டுநர்கள் அறிவார்கள். அதை வாங்கும் பணம் மட்டும் அவர்களிடம் புதிய வண்டியின் விலையாக இல்லை, பழைய பாகத்தின் விலையாகவே இருக்கிறது.

மாற்றங்கள் அனைத்துக்கும் மனுதாரர்கள் வக்காலத்து வாங்கவில்லை. ஜிப்ஸி வண்டியில் அச்சுக்குக் கீழே இருக்கும் கமான் பட்டைகளை அச்சின் மேலே ஏற்றி வண்டியை உயர்த்தும் வழக்கம் இளைஞரிடையே பரவலாக உள்ளது. அதனால் வண்டியின் பளு மையம் மேலேறிக் கவிழும் வாய்ப்பு கூடுகிறது. ஸ்டியரிங் தண்டின் கோணம் மாறி, குழியில் சக்கரம் ஏறும்போதெல்லாம் வண்டி தானே திசை திரும்புகிறது. எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும் விளக்குப் பட்டிகளும், 2017 டிசம்பரில் அமைச்சகமே தடுக்கச் சொன்ன முன்பக்க இரும்புக் கவசங்களும் மனுதாரர்களின் உறவினரே எனினும், அவர்களைக் குடும்பத்திலிருந்து விலக்கிவைப்பதில் ஆட்சேபமில்லை. ஆனால் ஸ்டியரிங் தண்டை வளைத்து வெல்டிங் வைத்தவரும், பிரேக்கை இரட்டை அறையாக மாற்றியவரும், 'அடிப்படை அம்சம்' என்ற இரு சொற்களைச் சாலையில் நிற்கும் அலுவலர் படிக்கும் விதத்தைப் பொறுத்து ஒரே கூண்டில் நிறுத்தப்படலாம் என்பது, குற்றம் செய்தவருக்கே சலுகையாகிறது.

பிரிட்டனில் நெடுங்காலமாக வழங்கிவந்த முறையில், மாற்றப்பட்ட வண்டியின் அடையாளம் புள்ளிகளால் அளக்கப்பட்டது: மூலச் சேசிஸுக்கு ஐந்து, சஸ்பென்ஷன், அச்சுகள், கியர் அமைப்பு, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று, எட்டுப் புள்ளி தேறினால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். தேறாத வண்டியை ஒற்றை வண்டியாகவே சோதித்து ஏற்கும் வழியும் அங்கு உண்டு, ஜெர்மனியிலும் அவ்வாறே. இங்கும் சோதனைக்கூடங்களுக்குப் பஞ்சமில்லை. சென்னையை அடுத்த ஒரகடத்திலேயே உலகத் தரமான வாகன ஆய்வு மையம் இருக்கிறது. ஆயினும் அதன் வாசல் ஆயிரக்கணக்கில் வண்டி செய்யும் நிறுவனத்தின் முன்மாதிரிக்காக அமைந்தது, ஒரேயொரு ஜீப்பை வைத்திருப்பவருக்காக அன்று.

ஆகவே மனுதாரர்கள் வேண்டுவது: வண்டி காகிதத்தைப் போல இருக்கிறதா என்று பார்ப்பதோடு, அது நிற்கிறதா, திரும்புகிறதா, பளுவைத் தாங்குகிறதா என்றும் பார்க்கும் ஓர் ஆய்வு, மாவட்டத்துக்கு ஓரிடத்திலாவது, பட்டறைக்காரர் தாங்கக்கூடிய கட்டணத்தில் ஏற்படுத்தப்பட வேண்டும், தேறிய மாற்றம் பதிவுச் சான்றிதழில் எழுதப்பட வேண்டும், தேறாதது அங்கேயே கழற்றப்பட வேண்டும். அது இயலாதெனில், அடிப்படை அம்சங்களின் பட்டியலையாவது வெளியிட்டு உதவ வேண்டும். மனுதாரர்கள் அதில் தாம் இருப்பின் புதுப்பேட்டைக்கே திரும்பிச் செல்லச் சித்தமாக இருக்கின்றனர்.

இப்படிக்கு,
பணிவுள்ள உதிரிபாகங்கள்.

இணைப்பு: பதிவுச் சான்றிதழின் நகல் ஒன்று. அதில் குறிப்பிடப்பட்டுள்ள எஞ்சின் இணைக்கப்படவில்லை.