மைனஸ் எண்பதில் மக்கள் ரத்தம்

மூலக்கூறு மருத்துவ ஆராய்ச்சித் துறை என்றதும் மிரண்டுவிடாதீர்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம்தான். தாலுகா ஆபீசில் ஏ.சி. மாட்டி, நடுவில் நாலு மைக்ரோஸ்கோப்பை வைத்தால் அதுதான்.

நான் சொல்வது ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் துறை. பெயர் வேண்டாம். எந்த ஊரில் இருந்து படித்தாலும் உங்கள் ஊர்த் துறை என்றே தோன்றும்.

வாசலில் கல்வெட்டு. தலைமை, முன்னிலை, திறப்பாளர் என்று ஒன்பது பெயர். உள்ளே வேலை செய்கிற ஒருவர் பெயரும் அதில் இல்லை. துறையின் அமைப்பு இவ்வளவுதான். மற்றதெல்லாம் உரை விளக்கம்.

உச்சியில் துறைத் தலைவர். சுழற்சி முறை, மூன்றாண்டு. முதல் ஆண்டு, போனவர் வாங்கிய கருவிகளைக் குறை சொல்வார். இரண்டாம் ஆண்டு, தன் அறையை இடித்துக் கட்டுவார். மூன்றாம் ஆண்டு, துணைவேந்தர் பதவிக்கு விண்ணப்பம் போடுவார். அடுத்த படி பேராசிரியர்கள். பாதி நாற்காலி காலி. ஓய்வு பெற்றவர் இடத்துக்கு ஆள் வராது, கௌரவ விரிவுரையாளர் வருவார். கௌரவத்தைத் தவிர வேறெதுவும் தருவதாக உத்தேசமில்லை என்பதைப் பதவியின் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

அடிமட்டத்தில் ஸ்காலர். தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. பி.சி.ஆர். ஓட்டுவது அவள். கைடின் பயணப்படி பில்லை டைப் அடிப்பது அவள். தேர்வாளரை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வருவதும், வைவா முடிந்ததும் மொத்தத் துறைக்கும் பிரியாணி வாங்கிப் போடுவதும் அவளேதான். ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகையை 2023 ஜனவரி 1 முதல் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆக்கினார்கள். ஆணையில் ஏறியது. கணக்கில் நாலு மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறது. மெஸ் பில் மட்டும் மாதம் தவறியதில்லை. அவள் கட்டுரை அச்சில் வரும்போது ஏழு ஆசிரியர்கள் இருப்பார்கள். அதில் மூன்று பேருக்கு ஃப்ரீசர் எந்த மாடியில் இருக்கிறது என்றே தெரியாது.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம். அவளுக்கு ஒரு பிரைமர் வேண்டும். இருபது எழுத்து நீள டி.என்.ஏ. துண்டு. விலை சில நூறு ரூபாய். மத்திய அரசுத் திட்டப் பணம், ஆகவே ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளத்தில் தேட வேண்டும். நாற்காலியும் ஸ்டேப்ளரும் விற்கிற கடையில் டி.என்.ஏ. கேட்க வேண்டும். இல்லை என்றால், இல்லை என்பதற்கு அந்தத் தளமே அறிக்கை தர வேண்டும். பிறகு, விதி கேட்காவிட்டாலும் ஆபீஸ் கேட்கும் மூன்று கொட்டேஷன். ஒரே ஆள் மூன்று லெட்டர்பேடில் தருவார். ஆடிட்டருக்குப் பரம திருப்தி. ஆனால் உலகத்தில் ஒரே கம்பெனி தயாரிக்கிற ஆன்டிபாடியை வாங்கிப் பாருங்கள். 'மற்ற இரண்டு கொட்டேஷன் எங்கே?' என்று கேட்பது அதே ஆடிட்டர்.

2025 ஜூனில் நிதி அமைச்சகம் மனமிரங்கியது. அறிவியல் பொருட்களை ஜெம்முக்கு வெளியே வாங்கலாம், கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பும் 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் என்றது. ஸ்காலர் ஆணையை அச்சடித்துக்கொண்டு ஓடினாள். நிதி அலுவலர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது பொதுவா வந்திருக்கும்மா. நமக்குன்னு தனியா வரட்டும்."

மேலிடமும் சும்மா இல்லை. ஆராய்ச்சிக்கு நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். 2022 ஜூலையில் ஆய்வுக் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகையை ரத்து செய்து 18 வரை ஏற்றினார்கள். இந்தக் கையால் மானியம், அந்தக் கையால் வரி. அடுத்த ஆண்டே ஐந்தாண்டுக்கு 50,000 கோடியில் ஆராய்ச்சி அறக்கட்டளை என்று அறிவிப்பு. அதில் 36,000 கோடி தனியாரிடமிருந்தும் நன்கொடையாகவும் வருமாம். கல்யாணச் செலவில் முக்கால் பங்கை மொய்யில் எடுத்துவிடலாம் என்று பத்திரிகை அடித்த கதை.

இனி ஃப்ரீசர்.

துறையில் அதை, அதன் குளிர் அளவை வைத்து, 'மைனஸ் எண்பது' என்பார்கள். அதற்குள் சில நூறு பேரின் ரத்தமும் சதையும். அரசு மருத்துவமனையின் புற்றுநோய் வார்டில் இரண்டு வருடம் நின்று அந்தப் பெண் சேகரித்தது. ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைத்த ஒரு பாட்டி, "எனக்கு ஆகாட்டியும் எம் பேத்திக்காச்சும் ஆகும்ல, எடுத்துக்கோ தாயி" என்று கையை நீட்டியிருக்கிறாள். அந்தத் திசுவில் இருக்கும் ஆர்.என்.ஏ. ஒரு தொட்டாற்சிணுங்கி. உறை போடாத விரல் பட்டாலே சிதையத் தொடங்கிவிடும். குளிர் ஒன்றுதான் அதற்கு உயிர்.

ஒரு சனிக்கிழமை இரவு கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருக்கிறது, டீசல் இல்லை. டீசல் இண்டென்ட் கோப்பு மேலே போயிருந்தது. ஃப்ரீசர் கத்தியது. தூக்கம் கெடுகிறது என்று வாட்ச்மேன் அலாரத்தை அணைத்தார். அவரைத் திட்டாதீர்கள். ஒப்பந்தக் கூலி. அது எதற்காகக் கத்துகிறது என்று அத்தனை டாக்டர் பட்டத்தில் ஒன்றுகூட அவருக்குச் சொன்னதில்லை.

திங்கள் காலை அவள் கதவைத் திறந்தபோது தரையில் தண்ணீர். குழாய்களில் ஒட்டிய பெயர்ச்சீட்டுகள் ஊறி உரிந்து கிடந்தன. அட்டெண்டர் பதறிப்போய் மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கி வரட்டுமா என்று கேட்டார். அந்தத் துறையில் அன்று ஏதாவது செய்ய முன்வந்த ஒரே மனிதர்.

துறைத் தலைவர் விசாரணைக் குழு அமைத்தார். ஐந்து உறுப்பினர்கள், மூன்று அமர்வுகள், டீ, வறுத்த முந்திரி. முந்திரி பில் அன்றைக்கே பாஸ் ஆனது. அதற்குக் கொட்டேஷன் கேட்கவில்லை. மாதிரிகளைப் பராமரிப்பதில் ஆய்வு மாணவியின் கவனக்குறைவு என்று அறிக்கை வந்தது. அவள் விளக்கம் எழுதிக் கொடுத்தாள்.

டீசல் கோப்பு மூன்று வாரம் கழித்துத் திரும்பியது. ஓரத்தில் பச்சை மையில் ஒரே சொல்: 'பேசவும்.'