வால் ஆட்ட இடம் இருக்கிறதா?

இந்த வாரக் கேள்விகளில் பெரும்பாதி நாயைப் பற்றியவை. தோவாளை வட்டாரத்தில் பல வீடுகளுக்கு நீளம் அதிகம், அகலம் குறைவு. பூச்சந்தைக்காரர்களுக்குச் சேவல் கூவும் முன்பே பொழுது விடிந்துவிடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எனவே எந்த நாய் உசத்தி என்ற வழக்கை விட்டுவிட்டு, யார் வீட்டுக்கு எந்த அளவு நாய் என்று பார்ப்போம்.

கே: தெருவோடு ஒட்டின வீடு எங்களது. பன்னிரண்டு அடி அகலம். ஏழாம் வகுப்பு படிக்கிற மகன் 'கிரேட் டேன்தான் வேணும்'னு ஒத்தக்கால்ல நிக்கான். வாங்கலாமா?
*– பூ வியாபாரி, தோவாளை*

ப: குட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அண்ணாச்சி. இரண்டு மாதத்தில் மடியில் கிடக்கிற அதே குட்டி, வளர்ந்து நிற்கும்போது தோள் உயரமே இரண்டரை அடி. எடை ஐம்பது கிலோவைத் தாண்டும். அது சந்தோஷத்தில் ஒரு தடவை திரும்பினால் போதும், பன்னிரண்டு அடி வீட்டில் காபி டம்ளரும் பூக்கூடையும் சேர்ந்து கீழே வரும்.

ஆனாலும் இடம்தான் பெரிய தடை என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்குள் இந்த இனம் சாது. நடக்கக் கூட்டிப்போனால், மீதி நேரமெல்லாம் படுத்தே கிடக்கும். தடை வேறு இடத்தில் இருக்கிறது. நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அப்படி ஆனால் சில மணி நேரத்துக்குள் அறுவைசிகிச்சை செய்தாக வேண்டும். அது அதிகாலை மூன்று மணிக்கு நடந்தால் நீங்கள் சந்தையில் இருப்பீர்கள். ஐம்பது கிலோவை ஆட்டோவில் ஏற்ற வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ஆகவே நான் சொல்லும் அளவுகோல் இது: பகல் முழுதும் வீட்டில் இருப்பவர்களில் பலம் குறைந்தவர் யாரோ, அவர் கயிற்றைப் பிடித்து நிறுத்தவும், நாய் நோயில் விழுந்தால் தூக்கவும் முடிகிற எடைதான் உங்கள் வீட்டு எடை. செலவையும் எண்ணிக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி எல்லா நாய்க்கும் ஒரே அளவுதான். ஆனால் குடற்புழு மாத்திரை பொதுவாகப் பத்து கிலோவுக்கு ஒன்று. மயக்க மருந்தும் எடைக் கணக்குத்தான். இன்னொன்று, கிரேட் டேனின் ஆயுள் எட்டு, பத்து வருஷம். மகன் கல்லூரி முடிக்கிற வயதில் பிரிவு வரும். அவனை உட்கார வைத்து அதையும் சொல்லிவிட்டுப் பிறகு கேளுங்கள்.

கே: வீட்டில் நாலு பேரும் பூ கட்டுகிறோம். தரை பூராவும் கூடையும் நாருமாக இருக்கும். இடம் அடைக்காத சின்ன நாயாக, பொமரேனியன் வளர்க்க நினைக்கிறேன். சரிதானே?
*– வாசகி, தோவாளை*

ப: அளவு சரி, அக்கா. நம் ஊரில் பொமரேனியன் என்று விற்பது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். ஆறேழு கிலோ இருக்கும். நம் வெக்கைக்கும் பழகிய நாய்தான். காலடியில் மிதிபடாமல் இருக்க ஒரு மூலையில் அதற்கென்று இடம் ஒதுக்கிக் கொடுங்கள்.

ஆனால் உங்கள் தொழிலில் இரண்டு ஆபத்து உண்டு. சின்ன உடம்பில் அவை சீக்கிரம் முற்றும். முதலாவது அரளி. நம் ஊர்ப் பெருமையான மாணிக்கமாலையிலேயே அரளி உண்டு. அதன் பூ, இலை, தண்டு எல்லாமே நாயின் இதயத்தைத் தாக்கும் விஷம். அறுபது கிலோ நாய்க்கும் ஆபத்தானது, ஆறு கிலோ நாய்க்குக் கொஞ்சமே போதும். இரண்டாவது நாரும் நூலும். விழுங்கினால் குடலைச் சுருக்கிக் கிழித்துவிடும். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் இழுக்கவே இழுக்காதீர்கள், நேராக மருத்துவரிடம் போங்கள். மல்லி, பிச்சி பற்றிப் பயம் வேண்டாம். அரளிக் கூடை மட்டும் எப்போதும் மேசைமேல் இருக்கட்டும். கட்டி முடித்ததும் தரையைப் பெருக்கிவிட்டு நாயை அவிழ்த்துவிடுங்கள்.

கே: சின்ன நாய் கடித்தாலும் ஊசி போடணுமா?
*– வாசகர், தாழக்குடி*

ப: போட்டே ஆக வேண்டும். வெறிநோய்க் கிருமி நாயின் உயரத்தைப் பார்ப்பதில்லை. கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்ற வழி அநேகமாக இல்லை. அதற்கு முன்னால் ஊசி காப்பாற்றும்.

கே: இருபது சென்ட் காம்பவுண்டு, லாப்ரடார் வளர்க்கிறோம். இவ்வளவு இடம் இருந்தும் உருண்டையாகிக்கொண்டே போகிறான். ஏன்?
*– வாசகி, செண்பகராமன்புதூர்*

ப: இருபது சென்ட் இருந்தாலும் அவன் கேட்டுப் பக்கத்தில் ஒரு பாய் அகலத்தில்தான் படுத்திருப்பான். சரிதானே? முற்றம் நாயை நடத்தாது, நாம்தான் நடத்த வேண்டும். தினமும் இரண்டு வேளை நடக்கும் நாய் இரண்டு சென்ட் வீட்டிலும் ஆரோக்கியமாக இருக்கும்.

லாப்ரடாரின் பசிக்கு உடம்பிலேயே ஒரு காரணம் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் கண்டறிந்து சொன்னார்கள்: இந்த இனத்தில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, பசியை அடக்கும் மரபணுவின் ஒரு பகுதி இல்லை. 'பாவம், பசிக்கு'ன்னு ஆச்சி போடுகிற ஒவ்வொரு உருண்டைச் சோறும் அவன் இடுப்பு மூட்டில் போய் உட்காரும். விலாவைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் அளந்து இரண்டு வேளை மட்டும் சாப்பாடு. கூடவே காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் நடை. ஆச்சியையும் கூட்டிப்போனால் இரண்டு பேருக்கும் நல்லது.

கே: நாகர்கோவிலில் அடுக்ககத்தில் இருக்கிறோம். ராஜபாளையம் குட்டி எடுத்திருக்கிறோம். 'சின்ன நாய் என்றால் சரி, பெரிய நாய் கூடாது' என்கிறது சங்கம். சட்டம் என்ன சொல்கிறது?
*– தோவாளையிலிருந்து குடிபெயர்ந்தவர்*

ப: இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் உங்கள் பக்கம் நிற்கிறது. உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் வாக்களித்தாலும் குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாயைத் தடைசெய்ய முடியாது. சின்னது என்றால் சரி, பெரியது கூடாது என்று பிரிக்கவும் முடியாது. உங்களுக்கும் கடமை உண்டு: பொது இடத்தில் கயிறு, கழிவை அள்ளுதல், தடுப்பூசிச் சான்று. இந்த மூன்றையும் தவறாமல் செய்பவரிடம் சங்கம் வாதாட இடமே இருக்காது.

இனி நாயின் பக்கம். 2005-ல் அஞ்சல்துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இருந்தது. தபால்தலைக்குள் அடங்கிய நாய் மூன்றாவது மாடிக்குள்ளும் அடங்கும், தினமும் நன்றாக ஓடவிட்டால். வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த இனம் அது. ஓட்டம் இல்லாவிட்டால் சோபாவைத்தான் வேட்டையாடும். வீட்டாரிடம் உயிர்விடும், அந்நியரிடம் ஒட்டாது. ஆகவே லிப்டில் எதிர்ப்படுகிறவர்களோடு குட்டிப் பருவத்திலேயே பழக்குங்கள். வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் இந்த இனத்தில் அடிக்கடி வரும். குட்டி பார்க்காத பக்கம் நின்று கைதட்டிப் பாருங்கள். காது கேட்காத குட்டியையும் கை ஜாடையில் அருமையாக வளர்க்கலாம், ஆனால் கயிறில்லாமல் தெருவில் விடக் கூடாது.

கே: மலையடிவாரத்தில் தோட்டம். கோழி, ஆடு உண்டு. காவலுக்குச் சிப்பிப்பாறை எப்படி?
*– விவசாயி, கடுக்கரை*

ப: தோட்டத்தின் அளவு அதற்கு ஏற்றதுதான். ஆனால் அது எதற்காக வளர்க்கப்பட்டது என்று பாருங்கள், அண்ணாச்சி. விருதுநகர்ச் சீமை தந்த இந்த நாய் கண்ணால் பார்த்து விரட்டிப் பிடிக்கும் சாதி. உயரம் இரண்டடிக்கு மேல், உடம்பு ஒல்லி, ஓட்டம் மின்னல். அசைகிற எதுவும் அதற்கு முயல்தான். உங்கள் கோழி ஓடாமல் நிற்கும் என்று நம்ப முடியுமா? சின்னதிலிருந்தே கோழி, ஆட்டோடு பழக்கினால் பெருமளவு அடங்கும். அப்போதும் தனியே விட்டுப் போகாதீர்கள். நல்ல உயரமான வேலியும் வேண்டும்.

இன்னொன்று: உங்கள் பக்கத்து மலைகள் 2008-ல் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நாயை விட்டு வேட்டையாடுவது குற்றம். மயில் அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வழக்கு வந்தால் கூண்டில் ஏறப்போவது நாய் அல்ல. குரைத்து எச்சரிக்கும் காவல் மட்டும் போதுமென்றால், உங்கள் ஊர் நாட்டு நாய்கள் இரண்டு அந்த வேலையை நிறைவாகச் செய்யும்.

கே: வீடு சின்னது என்பதால் பக் வாங்கினோம். காற்று இவ்வளவு அடித்தும் மூச்சு வாங்குகிறதே?
*– வாசகர், முப்பந்தல்*

ப: அளவு பொருந்தியிருக்கிறது, மூக்கு பொருந்தவில்லை. 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னால் ஓடி நாட்டையே மயக்கிய இனம் அது. நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும் கொஞ்சம் உண்டு. உடம்புச் சூட்டைத் தணிப்பது மூச்சிரைப்புதான். தட்டை மூக்கில் அந்தக் காற்றுக்கு வழி குறுகல். காற்றாலையைச் சுற்றவைக்கும் காற்றடித்தாலும் அதன் சூடு தணியாது. நடை காலை ஏழு மணிக்கு முன், மாலை இருட்டத் தொடங்கிய பின். கழுத்துப்பட்டை வேண்டாம், மார்புப்பட்டை போடுங்கள். எடை ஏறவே கூடாது. நாக்கு நீலம் பாரித்தால் தண்ணீரால் உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள்.

கே: தனியாக இருக்கிறேன், வயது 66. துணைக்கும் வேண்டும், இராத்திரி சத்தம் கேட்டால் குரைக்கவும் வேண்டும். எந்தக் குட்டி எடுக்க?
*– ஓய்வுபெற்ற ஆசிரியை, பூதப்பாண்டி*

ப: குட்டியே வேண்டாம், டீச்சர். குட்டி என்றால் இரவில் நாலு தடவை எழும்ப வேண்டும், செருப்பைப் பறிகொடுக்க வேண்டும், காலைச் சுற்றி ஓடி உங்களைத் தள்ளியும் விடும். உங்கள் தெருவிலேயே சாந்தமாகத் திரியும் மூன்று நான்கு வயது நாட்டு நாய் ஒன்றைத் தத்தெடுங்கள். அது இனி வளரப்போவதில்லை. பதினைந்து கிலோ என்றால் கடைசிவரை பதினைந்துதான். குணமும் கண்முன்னே தெரிகிறது. நம் வெயில், மழை, சோறு எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே பழகியது. காது நுனியில் வெட்டு இருந்தால் அரசு விதிப்படி கருத்தடையும் தடுப்பூசியும் ஆனது என்று அடையாளம். இருந்தாலும் ஊசியை மறுபடி போட்டு, வருஷா வருஷம் தொடருங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் யார் சோறு வைப்பார் என்பதை மட்டும் இப்போதே பேசி வையுங்கள்.

கே: சிவாவாவும் கிரேட் டேனும் ஒரே இனம் என்கிறார்களே, எப்படி இவ்வளவு வித்தியாசம்?
*– கல்லூரி மாணவர், தெரிசனங்கோப்பு*

ப: இரண்டும் ஒரே உயிரினம்தான், தம்பி. அளவைத் தீர்மானிக்கும் மரபணுக்களில் முக்கியமான ஒன்றை 2007-ல் அடையாளம் கண்டார்கள். உடம்பை வளரச்செய்யும் இன்சுலின் போன்ற ஒரு புரதத்தின் மரபணு அது. அதோடு தொடர்புடைய, உடம்பைச் சிறிதாக்கும் மாற்றம் 54,000 ஆண்டு பழைய ஓநாயிலேயே இருந்ததை 2022-ல் கண்டுபிடித்தார்கள். மனிதன் நாய் வளர்க்கும் முன்பே சின்ன நாய்க்கான விதை காட்டில் கிடந்திருக்கிறது.

கே: 'டீகப் குட்டி, கடைசிவரை இவ்வளவுதான் இருக்கும்' என்று விற்கிறார்கள். நம்பலாமா?
*– வாசகர், ஆரல்வாய்மொழி*

ப: குட்டியை நம்பாதீர்கள், அதன் தாயை நேரில் பாருங்கள். முடிந்தால் தகப்பனையும். குட்டி எவ்வளவு வளரும் என்பதற்கு அவர்களைவிட நல்ல சாட்சி இல்லை. பட்டினி போட்டுச் சிறிதாக வைத்த குட்டியும், பால் மறக்கும் முன்பே பிரித்த குட்டியும்தான் பல இடங்களில் 'மினி' என்று விலைபோகின்றன. இரண்டு மாதம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன 2017-ம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள். தாயைக் காட்ட மறுக்கிற இடத்தில் பணத்தை எடுக்காதீர்கள்.

கே: அம்மா நாய் வேண்டாம்னு சொல்லுகா. எப்படி சம்மதிக்க வைக்க?
*– ஐந்தாம் வகுப்பு மாணவி, தோவாளை*

ப: மக்ளே, அம்மாவுக்கு நாய் பிடிக்காமல் இல்லை. சோறு வைப்பதும் கழுவுவதும் தன் தலையில்தான் விழும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கெஞ்சாதே, செய்து காட்டு. ஒரு மாசம், பெரியவர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு காலையில் அரைமணி நேரம் நட. புறவாசலை நீயே பெருக்கு. தினமும் நேரத்துக்குத் தெரு நாய்க்கோ காக்காய்க்கோ தண்ணீர் வை. மாசம் முடிந்து அம்மா சரி என்றால், பத்து கிலோவுக்குள் நிற்கும் ஒரு குட்டியை இரண்டு பேருமாகப் போய்ப் பாருங்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அதைத் தொடாதே. இரண்டு மாதக் குட்டி என்றால் வந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டி முதல் ஊசி. மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. அந்தத் தேதியைக் காலண்டரில் நீயே வட்டம் போட்டு வை.