ஏலக்காட்டில் பறவைக் கணக்கு: கேள்வி-பதில்

பள்ளியில் பறவை பார்க்கும் மன்றம் தொடங்க ஆசை. பைனாகுலர் வாங்கக் காசில்லையே?
– ஓர் ஆசிரியை, வண்டன்மேடு

வாங்காமலே தொடங்குங்கள், டீச்சர். நிழல் மரம் அடர்ந்த ஏலக்காட்டில் பைனாகுலர் வைத்துப் பார்த்தாலும் பாதி நேரம் இலைதான் தெரியும். முதல் வருஷத்துக்குக் காது போதும். விடிந்ததும் ‘குட்ரூ குட்ரூ’ என்று விடாமல் கூப்பிடுகிறதே, அது சின்னக் குக்குறுவான். ஓடைப்பக்கம் யாரோ பையன் பாட்டை மறந்து மறந்து சீட்டியடிப்பது போலக் கேட்டால் சீகாரப் பூங்குருவி. இரண்டும் உங்கள் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த குரல்கள்தான். பெயரைச் சொல்லிக்கொடுத்தால் மற்றதை அவர்களே தேடிக்கொள்வார்கள்.

காக்காயையும் மைனாவையும் எழுதி வைத்தால் யாருக்கு லாபம்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், புற்றடி

அந்தக் காக்காய்தான் முக்கியம், தம்பி. அரிய பறவை வந்தால் எழுத நாலு பேர் ஓடி வருவார்கள். தினம் பார்ப்பதை யாரும் எழுதுவதில்லை. பாறு கழுகுகளுக்கு நேர்ந்தது அதுதான். வடநாட்டில் அவை கூட்டம் கூட்டமாக இருந்தன. யாருக்கும் எண்ணத் தோன்றவில்லை. நல்லவேளை, ராஜஸ்தானின் பரத்பூரில் 1980களில் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் மட்டும் எண்ணி வைத்திருந்தார். 1990களில் அவரே மறுபடி எண்ணியபோதுதான் சரிவு எவ்வளவு பெரிதென்று வெளியே தெரிந்தது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்துதான் காரணம் என்று 2004இல் கண்டுபிடித்தார்கள். 2006இல் இந்தியாவில் அதைக் கால்நடைகளுக்குத் தரத் தடை வந்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறு நூற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பழைய கணக்கு இல்லாதிருந்தால் அந்தத் தடையும் இன்னும் தாமதப்பட்டிருக்கும்.

இதற்கெல்லாம் தேக்கடிக்குப் போக வேண்டாமா?
– ஒரு பெற்றோர், ஆனக்கரை

வேண்டாம். கேரளப் பறவை அட்லஸ் உருவான கதையைப் பாருங்கள். 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், மாநிலம் முழுக்கச் சுமார் 4,000 சிறு கட்டங்களில் நின்று எண்ணினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பதினைந்து நிமிடப் பட்டியல்கள். மழைக்காலத்தில் ஒரு தடவை, வறண்ட காலத்தில் ஒரு தடவை. பிடித்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. சீட்டுக் குலுக்கியதுபோல் எந்தக் கட்டம் வந்ததோ அங்கே போனார்கள். வயலானாலும் சரி, ரப்பர் தோட்டமானாலும் சரி. 361 இனங்கள், ஏறக்குறைய 3 லட்சம் பதிவுகள் சேர்ந்தன. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பறவைகள் பெரும்பாலும் அதன் தென்பகுதியில்தான் குவிந்திருக்கின்றன என்பது அதில் தெரிந்த ஒரு சேதி. உங்கள் பிள்ளை நிற்கிற மலையும் அந்தத் தென்பகுதிதான். பள்ளி வாசலிலேயே பதினைந்து நிமிடம் நிற்கச் சொல்லுங்கள்.

செல்போன் செயலியே குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறதே, நாங்கள் எதற்கு?
– பிளஸ் டூ மாணவி, கட்டப்பனை

செயலி சொல்வது யோசனை, தீர்ப்பு அல்ல. துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலில் கூவும். செயலியும் ஏமாறும், நீயும் ஏமாறுவாய், தங்கச்சி. நீயே பார்த்து அல்லது கேட்டு உறுதியானதை மட்டும் எழுது. ‘தெரியவில்லை’ என்று எழுதுகிற பிள்ளைக்கு நான் முதல் மார்க் போடுவேன்.

எந்த நாளில் எண்ணுவது?
– ஒரு வாசகர், கம்பம்மெட்டு

என்றைக்கு வேண்டுமானாலும். ஊரோடு சேர்ந்து எண்ண வேண்டுமென்றால் பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய கணக்கெடுப்பு இருக்கிறது; அமெரிக்காவில் 1998இல் தொடங்கியது, இந்தியா 2013இல் சேர்ந்தது. பொங்கலுக்குக் கம்பம், போடி என்று பாட்டி வீட்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு, தமிழ்நாட்டில் 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் உண்டு. பட்டியலை ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றிவிட்டால் ஆராய்கிறவர்கள் கைக்குப் போய்விடும்.

பிள்ளைகளைத் தோட்டத்துக்குள் விடலாமா? மருந்தடிக்கிறோம், செடியையும் மிதித்துவிடுவார்கள்.
– தோட்டக்காரர், புளியன்மலை

மருந்தடித்த நாட்களில் கண்டிப்பாக விடாதீர்கள், ஐயா. மற்ற நாட்களிலும் வழியோரம் நின்று பார்த்தால் போதும். உங்களிடம் நான் கேட்பது வேறொன்று. மழைக்கு முன் நிழல் மரங்களைக் கவாத்து பண்ணும்போது பட்ட கிளைகளையெல்லாம் ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். குக்குறுவான் அந்தக் கிளையில்தான் தானே பொந்து குடைந்து குஞ்சு பொரிக்கும். அது விட்டுப்போன பொந்தில் வேறு பறவைகள் குடியேறும். பாதைக்கு மேல் தொங்குவதை வெட்டுங்கள். ஆள் உயிர் பெரிது. ஆள் நடமாட்டமில்லாத மூலையில் நிற்பதை விட்டுவிடுங்கள். பொந்துள்ள மரம் எதுவென்று பிள்ளைகள் தூர நின்றே பார்த்துச் சொல்லட்டும். கூட்டருகே போவதோ, போட்டோ எடுப்பதோ கூடாது.

அப்பா அம்மா காய் எடுக்கப் போகிறவர்கள். எனக்குக் காட்டைப் பற்றி என்ன தெரியும் என்கிறார்கள்.
– பத்தாம் வகுப்பு மாணவி, வண்டன்மேடு

சொல்கிறவர்களுக்குத்தான் தெரியவில்லை, பாப்பா. பக்கத்துக் குமுளியில், காட்டுக்குள் திருட்டுத்தனமாக வயணப் பட்டை என்ற காட்டு லவங்கப் பட்டையை உரித்தவர்களையே பெரியாறு புலிகள் காப்பகம் 1990களின் பிற்பகுதியில் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் சேர்த்துக்கொண்டது. காட்டின் ஒவ்வொரு தடமும் அவர்களுக்கு அத்துப்படி என்பதுதான் அதற்குத் தகுதியாக இருந்தது. உன் அம்மா வருஷக்கணக்காக விடியலில் ஏலக்காட்டில் நடப்பவர். காட்டுக்கோழி எந்தப் பக்கம் கூவும் என்று அவரிடம் கேள். அடுத்த ஞாயிறு அவரோடு போய் நீயே பார்த்து, தேதியும் நேரமும் போட்டு எழுது. ஜூனில் மழை வந்ததும் அதே இடத்தில் மறுபடி எண்ணு.