சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்

தமிழ்நாட்டில் சனிக்கிழமை ஆண்பிள்ளைகள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். அமெரிக்காவிலும் அப்படித்தான், ஒரே வித்தியாசம், அங்கே எண்ணெய் வண்டிக்கு, ஊறுவது மனிதர். ஒஹையோ, டென்னசி, டெக்சஸ் என்று எந்த மாநிலத்தில் எந்தப் புறநகர்த் தெருவுக்குள் நுழைந்தாலும், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் கிழட்டுப் பிக்கப் வண்டி ஒன்று நிற்கும். அதன் வயிற்றுக்கடியிலிருந்து இரண்டு பூட்ஸ் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பதற வேண்டாம், விபத்து இல்லை, விரதம். தரைக்கும் வண்டிக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்க இடம் விட்டே பிக்கப்பைச் செய்கிறார்கள் என்பது அந்தக் கால்களுக்கு உரியவரின் நம்பிக்கை. கரடுமுரடான பாதைக்காகத்தான் அத்தனை உயரம் என்று கம்பெனியே வந்து சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். வண்டி 2 லட்சம் மைலைத் தாண்டிவிட்டது. நம் கணக்கில் 3,20,000 கிலோமீட்டருக்கு மேல். அந்த எண்ணை அவர் சொல்லும் தொனி, மகளின் பிளஸ் டூ மார்க்கைச் சொல்லும் தகப்பனின் தொனி. யாரும் கேட்காமலே சொல்வதிலும் அதே ஒற்றுமை உண்டு.

இவர் அபூர்வப் பிறவி இல்லை. ஃபோர்டின் எஃப் வரிசைப் பிக்கப்புகள் 1977 முதல் அந்த நாட்டில் மிக அதிகம் விற்கும் டிரக் என்ற பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அங்கே சாலையில் ஓடும் கார், பிக்கப்புகளின் சராசரி வயது 2024இல் 12.6 ஆண்டு. ஆக, பழைய பிக்கப்புக்கும் பஞ்சமில்லை, அதன் அடியில் படுப்பவருக்கும் பஞ்சமில்லை. எஞ்சின் ஆயிலைத் தானே மாற்றுவதோடு நின்றுவிடுபவரை இந்த ஜாதியில் சேர்க்க முடியாது. நம் ஆள் நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப் வைத்திருப்பவர். அதில் எஞ்சினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஒன்று, முன் டிஃபரன்ஷியலுக்கும் பின் டிஃபரன்ஷியலுக்கும் தனித்தனி, பவர் ஸ்டியரிங், பிரேக், ரேடியேட்டர் என்று எட்டு இடங்களில் எட்டுத் திரவம். எட்டுக்கும் எட்டுக் கெடு, எட்டுப் பிராண்டு, எட்டுப் பிடிவாதம். கியர் ஆயிலில் கந்தகம் கலந்திருப்பதால் அழுகிய முட்டை வாடை வீசும்; அது கையில் பட்டால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். பவர் ஸ்டியரிங் எண்ணெயை உறிஞ்சி எடுக்க இவர் கையாளும் கருவி, வான்கோழி வறுக்கும்போது மேலே சாறு ஊற்றுகிற சமையலறைக் குழல். அந்தக் குழல் ஒருமுறை கராஜுக்குப் போனால் அடுப்படிக்குத் திரும்புவதில்லை. நன்றி நவிலும் நாள் விருந்தன்று மனைவி கேட்கும்வரை அது இவருக்கு நினைவும் இருப்பதில்லை.

இத்தனையும் காசு மிச்சம் பிடிக்க என்று இவரே சொல்வார். அதை நம்பக்கூடாது. எண்ணெயும் பில்டரும் வாங்கும் ரசீதை, எண்ணெய் மாற்றித் தரும் கடை கேட்கும் கூலியோடு ஒப்பிட்டால் சில பத்து டாலர் மிச்சம்தான். ஆனால் அந்த மிச்சத்தைச் சம்பாதிக்க வாங்கிய சாமான்களின் ரசீதை இவர் ஒருநாளும் எடுத்துக் காட்ட மாட்டார். போல்ட்டைக் குறித்த அளவு முறுக்கியதும் ‘டக்’ என்று சொல்லும் டார்க் ரெஞ்ச், இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட், பில்டர் கழற்ற மூன்று வகைப் பிடி (முதல் இரண்டும் சேரவில்லை), சிந்தியதை உறிஞ்சப் பூனை வளர்க்காத வீட்டில் பூனைக்கு விரிக்கும் மணல் ஒரு மூட்டை. கடைக்காரன் இருபது நிமிடத்தில் முடிப்பதை இவர் அரைநாளில் முடிக்கிறார். அந்த அரைநாளுக்குத் தன் சம்பள விகிதப்படி கூலி போட்டால், இந்த எண்ணெய்க்குத் தங்க விலை. வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்பது நம் ஊர்ப் பழமொழி. இவர் அதைக் கேட்டதே இல்லை. ஆனால் அதன்படி வாழ்கிறார், வாணியனுக்குக் கொடுத்தது போக ஸ்பானர் விற்பவனுக்கும் கொடுத்துக்கொண்டு.

அப்படியானால் இவரை அட்டைப்பெட்டி விரிப்பில் மல்லாக்கப் படுக்க வைப்பது எது? ஆண்மை வீறாப்பு, பொழுதுபோக்கு, வீட்டுக்குள் இருக்கும் வேலைகளிலிருந்து தப்பிக்கும் வழி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் புல் வெட்டினாலும் வீறாப்பு கிடைக்கும், மீன் பிடித்தாலும் பொழுது போகும். எண்ணெயையே பிடித்துக்கொள்ளக் காரணம் வேறு. தையல்காரர் தைத்த சட்டையைப் போட்டுப் பார்க்கலாம். கொத்தனார் கட்டிய சுவரைத் தட்டிப் பார்க்கலாம். பின் டிஃபரன்ஷியலில் எண்ணெய் மாற்றியதாகப் பில் போட்ட கடை உண்மையிலேயே மாற்றியதா என்று எதை வைத்துப் பார்ப்பது? வண்டி நேற்று ஓடியதைப் போலவே இன்றும் ஓடும். மாற்றாமல் விட்டதன் பலன் தெரிய ஐம்பதாயிரம் மைல் ஆகும். அதற்குள் கடையில் ஆள் மாறியிருக்கும், சில நேரம் கடையே மாறியிருக்கும். செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒன்றுபோலவே தோன்றுகிற வேலை இது. நம் ஊரில் ஒரு காலத்தில் பால்காரர் மாட்டையே வாசலுக்கு ஓட்டிவந்து கண்ணெதிரே கறந்தார். பாட்டிமார்கள் அப்போதும் விடவில்லை; கறக்கும் முன்னால் செம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். பிக்கப்புக்கு அடியில் படுத்திருப்பவர் அந்தப் பாட்டியின் அமெரிக்கப் பேரன். செம்பை இவரே கவிழ்க்கிறார், இவரே கறக்கிறார்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் இவருடைய சடங்குகள் எல்லாவற்றுக்கும் பொருள் கிடைக்கிறது. டிரெயின் போல்ட்டின் நுனியில் காந்தம் இருக்கும் வண்டி என்றால், அதில் ஒட்டிய சாம்பல் நிறப் பசையை விபூதி போல விரலில் தேய்த்துப் பார்ப்பார். மாவு போல இருந்தால் சாதாரணத் தேய்மானம். சில்லுச் சில்லாக அகப்பட்டால் அன்றிரவு தூக்கம் இல்லை. சந்தேகம் தீராதவர்கள் பழைய எண்ணெயைச் சின்னப் புட்டியில் அடைத்து, மனித ரத்தத்தைப் போலவே, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். சிலிக்கன் கூடினால் தூசி நுழைகிறது, செம்பு கூடினால் பேரிங் தேய்கிறது என்று அறிக்கை வரும். தம் கொலஸ்ட்ரால் அளவு தெரியாத மனிதருக்கு எஞ்சினின் இரும்புச் சத்து மனப்பாடம். புது பில்டரின் நெற்றியில் தேதியையும் மைலையும் பெயிண்ட் பேனாவால் எழுதுவார். கியர் ஆயிலை வடிக்கும் முன்னால் ஊற்றும் துளையின் போல்ட் கழல்கிறதா என்று பார்ப்பது இவர்களுடைய முதல் வேதம். வடித்துவிட்டு, பிறகு மேல் போல்ட் துருப்பிடித்துப் பிடிவாதம் பிடித்தால், எண்ணெய் இல்லாத வண்டி வாசலிலேயே அறங்காவலர் போல உட்கார்ந்துவிடும்.

மாற்றக்கூடாது என்பவர்களும் உண்டு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் நிரப்பியது வாழ்நாள் முழுக்கப் போதும் என்று சில கம்பெனிகள் சொல்லிவந்திருக்கின்றன. யோசித்தால் அதில் பொய் இல்லை: எண்ணெய் கெட்டதும் கியர்பாக்ஸின் வாழ்நாள் முடிகிறது, ஆக எண்ணெய் வாழ்நாள் முழுக்க வந்துவிட்டது. இன்னொரு சாரார், இவ்வளவு ஓடிய கியர்பாக்ஸில் புது எண்ணெய் ஊற்றினால் அது செத்துவிடும், ஊற்றிய வாரமே செத்த வண்டிகள் ஏராளம் என்கிறார்கள். செத்திருக்கலாம். ஆனால் கியர் வழுக்க ஆரம்பித்த பிறகுதானே பெரும்பாலோர் அந்த எண்ணெயை நினைக்கிறார்கள்? கடைசி நேரத்தில் வாயில் பால் ஊற்றினார்கள், உயிர் பிரிந்தது. அதனால் பால் விஷம் என்று யாரும் முடிவுகட்டுவதில்லை. ஆனாலும் நம் ஆள் எச்சரிக்கையானவர். மெஷினை மாட்டி மொத்தமாக அலசி எடுக்கமாட்டார். அடித்தட்டில் இருப்பதை வடித்து அதே அளவு ஊற்றுவார். மீதி எண்ணெய் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஒளிந்துகொள்வதால், சில வாரம் ஓட்டிவிட்டு மறுபடியும் வடிப்பார், இன்னும் சில வாரம் கழித்து மூன்றாம் முறையும். மூன்று சனிக்கிழமைக்கு வேலை கிடைத்தது.

வீட்டில் செய்தால் தப்பு நேராதா என்றால், தாராளமாக நேரும். பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் புதியதை அதன்மேல் முறுக்கி, சாவியைத் திருப்பியதும் வாசலெங்கும் எண்ணெயால் கோலம் போட்டவர்கள் உண்டு. அலுமினிய அடித்தட்டில் போல்ட்டை வெறிகொண்டு முறுக்கி மரை கழன்றுபோனவர்களும் உண்டு. கழன்றது போல்ட்டின் மரைதானா என்று வீட்டில் கேட்பார்கள். ஆனால் இந்தத் தப்புகள் தரையில் வழிந்து ஊருக்கே தெரிகிறவை. கடைக்காரர் செய்யாமல் விட்டது வழிவதில்லை. வேறுபாடு அங்கேதான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சரக்கு. டாட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்கவேண்டும். ஈரம் இழுத்தபின் விதி எதிர்பார்ப்பது 140 டிகிரியைத்தான். மலை இறக்கத்தில் மிதி பொசுக்கென்று உள்ளே போகும்போதுதான் யாரோ மாற்றாமல் விட்டது தெரியவரும். பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுகிறவர் மட்டும் மன்னிக்கத் தக்கவரல்லர். ஒரு காலன் பழைய எஞ்சின் ஆயில் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறை எச்சரிக்கிறது. உதிரிபாகக் கடைகள் பல அதைக் காசில்லாமலே வாங்கிக்கொள்கின்றன.

இவருக்கு எதிரான பலமான வாதம் துரு. எட்டுத் திரவத்தையும் பார்த்துப் பார்த்து மாற்றுவார். பனிக்குச் சாலையில் கொட்டும் உப்போ வெளியிலிருந்து வண்டியின் அடிச்சட்டத்தைத் தின்றுகொண்டிருக்கும். ரத்தம் சுத்தம், எலும்பு பொடி. டொயோட்டா டகோமா பிக்கப்புகளில் சட்டம் துருப்பிடித்து ஓட்டையாகிப்போன விவகாரத்தில், 2008இல் அந்தக் கம்பெனி 1995 முதல் 2000 வரையிலான வண்டிகளில் துரு முற்றியவற்றை, நல்ல நிலையிலுள்ள வண்டிக்குச் சந்தை சொல்லும் விலையைப் போல் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. அதாவது வண்டியை அன்றாடம் சீராட்டியவருக்கும், ஏறெடுத்தே பார்க்காதவருக்கும் ஒரே கணக்கு. எண்ணெயின் பயனை இது பொய்யாக்கவில்லை. எண்ணெயால் முடிவது எது என்பதற்கு வரம்பு கட்டுகிறது. கண்ணுக்குத் தெரியாததைக் காப்பவர் கண்ணுக்குத் தெரிவதையும் அவ்வப்போது பார்த்தால் நல்லது.

கடைசியாக, இந்த வண்டிகள் ஏன் இத்தனை மைல் ஓடுகின்றன என்ற கேள்வி. எண்ணெய் பாதிக் காரணம். மீதியைப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இலேயே எழுதிவிட்டார். பழைய கார் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் நல்ல வண்டிக்கும் ஓட்டை வண்டியின் விலைதான் கிடைக்கும், நல்ல வண்டிக்காரர் விற்காமல் ஒதுங்கிக்கொள்வார் என்பது சாரம். அதற்கு 2001இல் நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. நம் ஆளிடம் தேதி, மைல், பிராண்டு எல்லாம் எழுதிய நோட்டு இருக்கிறது. வாங்க வந்தவரோ கடை ரசீது கேட்கிறார். எந்தக் கடையையும் நம்பாதவர், தன் கையெழுத்தை ஊர் நம்பவேண்டும் என்று எதிர்பார்ப்பதில் உள்ள வேடிக்கை இவருக்கு எட்டுவதில்லை. வண்டி விற்காமல் இன்னும் ஐம்பதாயிரம் மைல் ஓடுகிறது. அந்த நோட்டின் அருமை தெரிந்தவர் ஒருவர்தான் இருக்க முடியும்: இதே ஜாதிக்காரர். ஒருநாள் அவர் வருவார். நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, தலையாட்டி, பேரம் பேசாமல் வாங்கிப்போவார். போன மாதம்தான் ஊற்றிய எட்டுத் திரவத்தையும் அடுத்த சனிக்கிழமையே தன் வாசலில் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவார்.