விற்காமலே விற்ற கார்கள்

கார் கம்பெனிகளின் கணக்கு எழுதும் கலையை நம் போடி ஏலக்காய் வியாபாரிகள் காசு கொடுத்தாவது கற்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து டீலரின் யார்டுக்கு வண்டி கிளம்பினாலே விற்பனை முடிந்தது. அதை வாங்க ஆள் வந்தாரா என்பதெல்லாம் சில்லறை விஷயம்.

2024 செப்டம்பர் முடிவில் நாடு முழுக்க 7.9 லட்சம் கார்கள் இப்படி 'விற்று' நின்றதாக டீலர்கள் கூட்டமைப்பான ஃபாடா சொன்னது. மதிப்பு 79,000 கோடி ரூபாய். 21 நாள் சரக்கு போதும் என்றவர்களுக்கு 80, 85 நாள் சரக்கு! இந்தத் தாராளம் ரேஷன் கடையில் உண்டா? சரக்கெடுத்த கடனுக்கு வட்டி மட்டும் டீலருடையது.

நம்மூர் தோட்டக்காரருக்கு இந்தப் பெருந்தன்மை கிடையாது. ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் விலை படியாவிட்டால் மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

வாங்குபவருக்கோ யோகம். மாசக்கணக்கில் வெயிலில் காய்ந்த சரக்கு, தள்ளுபடியோடு. ஏலக்காயைக்கூட நாம் இவ்வளவு காயவைப்பதில்லை. ஜனவரி பிறந்தால், ஒரு கிலோமீட்டர் ஓடாமலே வண்டிக்கு ஒரு வயது கூடிவிடும்.

தேனி ரோட்டு ஷோரூம் ஒன்றில் நுழைந்தேன். டீ வந்தது.

"அண்ணே, இன்னைக்கே எடுத்துருங்க."

கம்பெனி வாசலைத் தாண்டினால் விற்றது என்றால், ஷோரூம் வாசலைத் தாண்டினால் வாங்கியதுதானே?

"எடுத்தாச்சு தம்பி. பணம் மட்டும்தான் பாக்கி."

சொல்லிவிட்டு, போடிமெட்டு ஏறும் ஜீப்பில் பதினைந்தாவது ஆளாகத் தொங்கிக்கொண்டேன்.