டியூட்டி ரூம் கேள்வி-பதில்

(மருத்துவக் கல்லூரி வளாகத்தில் வேலை பார்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகள். ஆகஸ்ட் 2020)

கை தட்டினார்கள், விளக்கேற்றினார்கள், பூத் தூவினார்கள். அடுத்து என்ன?
– செவிலியர், கோவிட் வார்டு

மார்ச் 22 கைதட்டல், ஏப்ரல் 5 விளக்கு, மே 3 ஹெலிகாப்டரில் பூ. தேர் இழுப்பதுதான் பாக்கி. அதற்குள் ஹாஸ்டல் பாத்ரூமில் தண்ணீர் வந்தால் நல்லது, சாமிக்கு அபிஷேகமும் ஆகவேண்டுமே!

நைட் டியூட்டி முடித்துப் படுத்தால், காலை பதினோரு மணிக்கு 'மன அழுத்தத்தை வெல்வது எப்படி' என்று வெபினார். அட்டென்டன்ஸ் வேறு எடுக்கிறார்களாம்!
– பயிற்சி மருத்துவர்

தவறாமல் கலந்துகொள்ளுங்கள். மன அழுத்தம் எப்படி வருகிறது என்பதைச் செய்முறை விளக்கத்தோடு காட்டுகிறார்கள்.

கவச உடையைப் போட்டுக்கொண்டு ஆறு மணி நேரம் நிற்கிறோம். வெளியில் இருப்பவர்களுக்கு அது புரியுமா?
– செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவு

புரியாது. உடை போடுவதற்கு முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்த வேண்டும். இடையில் பாத்ரூம் போனால் அந்த உடை குப்பைக்குத்தான். காற்றோட்டம் வேண்டுமென்று ஏ.சி.யை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். சென்னை வெயில் அழைக்காமலே உள்ளே வரும். கண்ணாடியில் ஆவி படிந்த பிறகு, ரெண்டு கையுறை மாட்டிய விரலால் தடவித்தான் நரம்பைக் கண்டுபிடித்து ஊசி போட வேண்டும். யார் யாரென்று தெரியாததால் முதுகில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்கிறார்கள். மாதவிலக்கு நாட்களைப் பற்றி எந்தச் சுற்றறிக்கையும் பேசக் காணோம். ஷிஃப்டை நாலு மணி நேரமாகக் குறைத்தால் பாதித் துன்பம் தீரும். ஆனால் அதற்குக் கூடுதல் ஆள் வேண்டும், ஆள் எடுக்க அரசாணை வேண்டும். வெபினாருக்கு லிங்க் மட்டும் போதும்.

தனிமையில் இருந்த நாட்களை லீவில் கழித்துவிட்டார்களே, நியாயமா?
– லேப் டெக்னீஷியன்

இல்லை. இது வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கட்டாயத் தனிமையை விடுப்பாகக் கணக்கிட முடியாது என்று மத்திய அரசுத் தரப்பே அங்கே சொல்லியிருக்கிறது. செய்தித்தாளைக் கத்தரித்து, மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். கிளார்க் "ஆர்டர் வரட்டும்" என்பார். வந்துகொண்டே இருக்கும். மனு கொடுத்த தேதிக்கு அக்னாலட்ஜ்மென்ட் வாங்காமல் நகராதீர்கள்.

வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்கிறார். போன மாதம் வரை "டாக்டரம்மா" என்றவர்!
– முதுநிலை மாணவி

ஏப்ரல் 22-ல் வந்த அவசரச் சட்டத்தை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அடி உதை மட்டுமல்ல, மருத்துவப் பணியாளரின் வாழ்க்கையைப் பாதிக்கும் தொல்லையும் அதில் குற்றம். மூன்று மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. மறுபடி "டாக்டரம்மா" ஆகிவிடுவீர்கள். வாடகைதான் ஏறலாம்.

அரசு அறிவித்த ஐம்பது லட்சம் இன்ஷூரன்ஸ் எங்களுக்கும் உண்டாங்க?
– ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்

உண்டும்மா. கோவிட் பணியில் இருக்கும் ஒப்பந்த ஊழியர்களும் அதில் அடக்கம். ஆனால் அது உயிர் போனால் குடும்பத்துக்கு வரும் பணம். காய்ச்சலில் படுத்தால் ஒரு ரூபாயும் வராது. கோவிட் வேலையில் நீங்கள் இருந்ததாக ஆஸ்பத்திரி சான்று தர வேண்டும். அதனால் எந்த வார்டில், என்றிலிருந்து வேலை என்று கான்ட்ராக்டரிடம் இப்போதே எழுதி வாங்கி, ஒரு ஜெராக்ஸ் வீட்டில் வையுங்கள். ஐம்பது லட்சத்தைவிட முக்கியம், தினமும் நல்ல மாஸ்க். அதைச் சண்டை போட்டாவது வாங்குங்கள்.

2020-ஐ உலக சுகாதார நிறுவனம் செவிலியர் ஆண்டாக அறிவித்ததாமே?
– நர்ஸிங் மாணவி

ஆமாம். செவிலியர்களோடு பேறுகாலப் பணியாளர்களுக்கும் சேர்த்துத்தான். நைட்டிங்கேல் பிறந்து இருநூறு வருடம் ஆகிறதே! அந்த அம்மா கையில் விளக்கு மட்டும் இல்லை, சாவுக் கணக்கும் இருந்தது. கிரிமியப் போரில் காயத்தைவிட நோயால்தான் அதிகம் பேர் இறந்தார்கள் என்று படம் போட்டுக் காட்டி அதிகாரிகளின் வாயை அடைத்தார். விளக்குப் படத்தைத்தான் எல்லா நர்ஸிங் கல்லூரியிலும் மாட்டியிருக்கிறார்கள்.

கேன்டீனில் கபசுரக் குடிநீர் இலவசம், டீக்கு மட்டும் காசா?
– வார்டு உதவியாளர்

கேட்டு வாங்கிக் குடிப்பதற்குத்தானய்யா காசு!