வள்ளலே, டெம்ப்எஃப்எஸ்ஸே!

வாழ்க டெம்ப்எஃப்எஸ்! லினக்ஸின் தற்காலிகக் கோப்புகளை வட்டுக்கு அனுப்பாமல் நினைவகத்திலேயே வைத்துக் காப்பவனே! 2013-இல் ஃபெடோரா 18 ‘டெம்ப்’ அடைவை உனக்குப் பட்டா எழுதிக் கொடுத்தது. 2025-இல் டெபியன் 13-உம் கொடுத்துவிட்டது. உன்னைப் பாட இதுவே நேரம்.

உன் கொடைக்கு ஈடில்லை. நினைவகத்தில் பாதிவரை கோப்புகளுக்கு அள்ளித் தருவாய். என் 8 ஜிபி கணினியில் 4 ஜிபி! அது உலாவிக்கும் மற்ற நிரல்களுக்கும் வேண்டிய சொத்து என்பதையெல்லாம் வள்ளல் பார்ப்பானா? ஊரார் வீட்டு நெய்யை இவ்வளவு தாராளமாகப் பரிமாற வேறு யாரால் முடியும்?

உன் மானம் பெரிது. ஒருநாள் காணொளித் தொகுப்பின் 6 ஜிபி இடைக்கோப்பு உன்னிடம் வந்தது. பக்கத்து வட்டில் 300 ஜிபி காலியாகக் கிடந்தும் அங்கே கையேந்தாமல், ‘இடமில்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாய். நினைவகம் நெருக்கடியில் இருந்தால் மட்டும் ஸ்வாப் வழியாக அதே வட்டின் திண்ணையில் ஒதுங்குவாய். அந்தப் பணிவையும் கண்டு வியந்தேன்.

உன் உறுதியோ மலை. நினைவகம் அடியோடு தீர்ந்தால் கெர்னல் ஏதாவதொரு நிரலைக் கொன்று இடம் தேடும். உன் மடியிலுள்ள கோப்புகளோ, யாராவது அழிக்கும்வரை அசையா. உயிர் போவது நிரலுக்கு. பொருள் பத்திரம் உனக்கு.

வேகத்தில் நீ காற்று. வட்டில் எழுதும் கோப்பும் முதலில் நினைவகத்தில்தான் தங்குகிறது. வழக்கமாக அரை நிமிடம்போல் காத்திருந்துதான் வட்டுக்குப் போகிறது. அதற்குள் அழிக்கப்படும் சிறு கோப்பு பெரும்பாலும் வட்டைத் தொடுவதே இல்லை. ஏற்கெனவே வீட்டிலிருந்த விளக்கை ஏற்றிவைத்தவன் என்ற புகழையும் பெற்றுக்கொண்ட உன் சாமர்த்தியம் வாழ்க!

எல்லாவற்றினும் மேலானது உன் துறவு. மின்சாரம் போன கணமே அனைத்தையும் துறப்பாய். நான்கு மணி நேர உழைப்பை ஒரு நொடியில் உதறும் பற்றின்மை முனிவர்க்கும் அரிது. மறுதொடக்கத்துக்குப் பிறகும் கோப்புகளைக் கட்டிக்கொண்டு அழும் ‘வார்-டெம்ப்’ அடைவு உன் கால்தூசிக்கு ஆகுமா?

ஆகவே வள்ளலே, சிறு கோப்புகளை மட்டும் உன் காலடியில் வைக்கிறேன். பெரியவற்றையும் நாளை எனக்கு வேண்டியவற்றையும் அந்தப் பற்று மிகுந்த வட்டிடமே விட்டுவிடுகிறேன். உன் தவத்தைக் கலைத்த பாவம் எனக்கு வேண்டாம்.